சிரிப்புப் படங்களில எங்கட பேச்சு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

உப்புவெளியில இருந்து:

1990இல் திருகோணமலையை விட்டு, மன்னாரில வள்ளம் ஏறி ராமேஸ்வரம் போன குடும்பம் நாங்கள். அங்க அகதி முகாமுக்குப் போன புதுசில அம்மா பெட்டிக்கடையில "பாண் ஒண்டும் சவர்க்காரம் ஒண்டும் தாங்கோ" எண்டு கேட்டிருக்கிறா. பாண் எண்டா அங்க பிரெட், சவர்க்காரம் எண்டா சோப்பு. கடைக்காரருக்கு விளங்கேல்ல. பின்னால நிண்ட ரெண்டு பேர் அதை இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டினாங்களாம். அதுக்குப் பிறகு அம்மா கடையில வாய் திறக்கிறதில்லை. விரலால காட்டுவா.

2000இல் 'தெனாலி' வரேக்க நான் அங்க பத்தாம் வகுப்பு. கமல்ஹாசன் அதில எதைக் கண்டாலும் பயப்படுற இலங்கைத் தமிழர். யுத்தத்தில கண்டதுகள்தான் அந்தப் பயத்துக்குக் காரணம் எண்டு படத்திலயே வருது. பேச்சுக்கு உதவினவர் இலங்கை வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீட். அக்கறையோடதான் செய்திருக்கினம், அதை நான் மறுக்கேல்ல. ஆனா பள்ளிக்கூடத்தில ஒருத்தருக்கும் அந்தக் காரணம் ஞாபகம் இல்லை. இழுவைதான் நிண்டுது. எனக்குப் பேரே 'தெனாலி' ஆகிப் போச்சு. "வீட்டுப்பாடம் முடிச்சியா" எண்டு சேர் கேட்டு நான் "ஓம்" எண்டால் வகுப்பே சிரிக்கும். "ஆமா" எண்டு சொல்லப் பழகினன். அந்த "ஆமா" வீட்டிலயும் வாயில வந்திட்டால் அப்பம்மா முகத்தைத் திருப்பிப் போடுவா.

2010இல் ஊருக்கு வந்திட்டம். 2025இல் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை அம்மாவோட இருந்து போனில பார்த்தன். பொருளாதார நெருக்கடியால வள்ளத்தில போற குடும்பம், சசிகுமாரும் சிம்ரனும். ஊர்ப் பேச்சை வெளியில விடாதேங்கோ எண்டு அவையளுக்குச் சொல்லுற இடம் வந்ததும் அம்மா சிரிச்சா. சிரிச்சுக்கொண்டே சீலைத் தலைப்பால கண்ணைத் துடைச்சா. "தம்பி, அதைத் திரும்பப் போடு" எண்டா. மூண்டு தரம் பார்த்தம். பேச்சை மறைக்க அவையள் படுற பாட்டுக்குத்தான் அங்க சனம் சிரிக்குது. அம்மா சிரிச்சதும் அதுக்குத்தான். இப்பிடி ஒரு படம் அப்ப வந்திருந்தால் எண்டு எனக்கு இப்பவும் தோணும்.

கிண்ணியாவில இருந்து:

உங்கட உம்மா விரலால காட்டினது என்ட மனசை விட்டுப் போகுதில்ல. எனக்கு நடந்தது வேற மாதிரி. வாப்பாட ஒப்பரேசனுக்குச் சென்னைக்குப் போயிருந்தம். ஆட்டோக்காரர் நல்ல மனுசன். "சிலோனா? அப்படியே பேசுங்க, கேக்கலாம்" எண்டார். நானும் ராத்தாவும் எங்களுக்குள்ள கதைக்கிற மாதிரியே கதைச்சம். அவர் கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "இது சிலோன் தமிழ் இல்லையே, படத்துல வேற மாதிரி வருமே" எண்டார். கடைசி வரைக்கும் நம்பல்ல.

படத்தில இலங்கைத் தமிழ் எண்டா யாழ்ப்பாணப் பேச்சு ஒண்டுதான். எங்கட திருகோணமலை மாவட்டத்தில 2012 கணக்கெடுப்புப்படி நூறு பேரில நாற்பது பேருக்கு மேல முஸ்லிம்கள். வாப்பா, உம்மா, காக்கா எண்டு கதைக்கிற ஒரு இலங்கைக் குடும்பத்தை அந்தச் சிரிப்புப் படங்களில நான் இன்னும் காணல்ல. கமலுக்கு உதவின ஹமீட் அவர்களும் ஒரு முஸ்லிம்தான். அவர்ட குரலை ரேடியோவில கேட்டு வளர்ந்தவர் எங்கட வாப்பா.

மூதூரில இருந்து:

என்ர தம்பிக்குப் பன்னிரண்டு வயசு, கதைக்கேக்க திக்கும். டவுனில இருந்து வாற பிரைவேட் பஸ்ஸில முன்னுக்கு டிவி இருக்கும், காமெடிக் காட்சியள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் திக்குற ஆளை வச்சு ஒரு காமெடி. பஸ்ஸே குலுங்கிச் சிரிச்சுது. அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் வந்து "தம்பி எங்க" எண்டு கேட்டார். அவனுக்கு "மூ" வரேல்ல. பின் சீட்டில ஒருத்தன் டிவியில வந்த மாதிரியே செய்து காட்டினான்.

நான் பக்கத்திலதான் இருந்தன், அந்த ஆளை ஒரு வார்த்தை தட்டிக் கேட்கேல்ல. அது இப்பவும் உறுத்துது.

இப்ப அவன் தனியப் போய் வாறான். 'வெருகல்' அவனுக்குத் திக்காமல் வரும். கூடக் காசு குடுத்து வெருகலுக்கு டிக்கெட் எடுத்துப்போட்டு மூதூரில இறங்கி வாறான்.