படகு ஏன் ஒரு பக்கம் சாய்கிறது? மேட்டூர், பூலாம்பட்டி, ஏற்காடு அனுபவங்கள்

கோட்டையூர்க்காரன்

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஓட்டுவதற்காகக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து பழைய ஃபைபர் படகை வாங்கி வந்தேன். 16 அடி நீளம், 25 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்விளிம்பில் வெளியே மாட்டுவது). விலை மலிவு. ஏன் மலிவு என்பது தண்ணீரில் இறக்கிய அன்றே தெரிந்துவிட்டது. இடப்பக்கம் சாய்ந்துகொண்டே ஓடியது.

கரையில் யோசனைக்குப் பஞ்சமில்லை. தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் விசிறியை மாற்று என்றார் ஒருவர். எஞ்சினை ஓர் அங்குலம் நகர்த்திப் பூட்டு என்றார் மற்றவர். வலப்பக்கம் ஒரு கருங்கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார் என்றவரும் உண்டு. பரிசல் போட்டே தலை நரைத்த பெரியவர் ஒருவர்தான் உருப்படியாகக் கேட்டார்: “தம்பி, ஓடும்போதுதான் சாய்கிறதா, சும்மா நிற்கும்போதே சாய்கிறதா?”

அதுவரை யாரும் அதைப் பார்க்கவில்லை. காற்றில்லாத காலை நேரத்தில் படகை அலையடிக்காத ஓரத்தில் மிதக்கவிட்டு, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் குறுக்குப் பலகையில் வைத்தேன். குமிழி நடுவில் நிற்கவில்லை. எஞ்சின் ஓடாமலேயே சாய்வு இருக்கிறது. ஆக விசிறிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இடப்பக்கம் எங்கோ பாரம் இருக்கிறது.

பேட்டரி, பெட்ரோல் டேங்க், வலை, நங்கூரக் கயிறு என்று எல்லாவற்றையும் கரையேற்றினேன். சாய்வு போகவில்லை. சொல்லப்போனால் சற்றுக் கூடியது, ஏனெனில் பேட்டரி வலப்பக்கம்தான் இருந்தது. அடியில் தேங்கிய தண்ணீரோ என்று பார்த்தால், படகின் அடியிலுள்ள வடிகால் பிளக்கைத் திறந்து வடித்தாகிவிட்டது. மேலும் தேங்கிய தண்ணீர் ஒரே பக்கம் நிற்காது. ஆள் வலப்பக்கம் போனால் அதுவும் வலப்பக்கம் ஓடும், சாய்வும் கூடவே மாறும். இது அப்படி மாறவில்லை.

பிறகு 20 லிட்டர் குடிநீர் கேன்களை எடுத்துவந்து வலப்பக்க விளிம்பை ஒட்டி வைத்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் தராசே தேவையில்லை. இரண்டு கேன் வைத்ததும் குமிழி நடுவுக்கு வந்தது. அப்படியானால் இடப்பக்க விளிம்பருகே கண்ணுக்குத் தெரியாமல் ஏறக்குறைய 40 கிலோ உட்கார்ந்திருக்கிறது.

படகைக் கரையேற்றித் தளத்தை விரலால் தட்டிக்கொண்டே போனேன். வலப்பக்கம் கணீரென்றது, இடப்பக்கம் மந்தமாகக் கேட்டது. தளத்தை ஓர் இடத்தில் அறுத்துப் பார்த்தால் உள்ளே அடைத்திருந்த ஃபோம் முழுக்க ஈரம். கையால் அழுத்தினால் தண்ணீர் வழிகிறது. முன்பு அந்தப் பக்கம் பொருத்தியிருந்த இருக்கையைக் கழற்றியவர்கள் திருகாணி ஓட்டைகளை மேலோட்டமாகப் புட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பிளக்கைத் திறந்தால் வடிகிற தண்ணீரல்ல அது. நல்ல ஃபோம் சீக்கிரம் தண்ணீர் உறிஞ்சாது, ஆனால் வருடக்கணக்கில் நனைந்துகொண்டே இருந்தால் அதனுள் இருக்கும் நுண்ணிய காற்றறைகளான கண்ணறைகள் உடைந்து நிரம்பிவிடும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை

பெரியவர் கேட்டது கோடி பெறும் கேள்வி. என்னிடம் வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே விசிறி விலையைத்தான் விசாரிக்கிறார்கள். ஆனாலும் விசிறியை ஒரேயடியாக விடுவித்துவிட வேண்டாம். ஓடும்போது மட்டும் சாய்கிற படகுகளின் கதை வேறு.

பெரும்பாலான ஒற்றை எஞ்சின் படகுகளில் விசிறி, பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். அதற்கு எதிர்விசையாகப் படகு இடப்பக்கம் புரளப் பார்க்கும். சிறிய, எடை குறைந்த படகில் பெரிய எஞ்சினை மாட்டினால் இது நன்றாகவே தெரியும். பல படகுகளில் ஓட்டுநர் இருக்கையை வலப்பக்கம் வைப்பதில் இந்த லாபமும் உண்டு. ஆளின் எடை அந்தப் புரட்டலை ஓரளவு ஈடுகட்டிவிடும். சோதிப்பது எளிது. ஓடிக்கொண்டிருக்கும்போது வேகத்தை மெதுவாகக் குறையுங்கள். சாய்வும் கூடவே குறைந்து, நிற்கும்போது இல்லாமல் போனால் பாரத்தைத் தேடி அலைய வேண்டாம்.

ஆனால் அப்போதும் விசிறிதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. என்னிடம் வந்த ஒரு படகு மெதுவாகப் போகும்போது சமமாக இருக்கும், வேகமெடுத்துத் தண்ணீருக்கு மேல் எழும்பியதும் இடப்பக்கம் சரியும். மேட்டூரில் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் பழைய ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 120 அடி அணையில் நீர் ஏறி இறங்கும்போது தெரியாமல் மூழ்கிக் கிடக்கும் கல் எத்தனையோ. அந்தப் படகு அப்படி ஒரு கல்லில் இடித்து, வலப்பக்கப் பின்னடியில் ஒட்டுப் போடப்பட்டது. படகைக் கவிழ்த்து மட்டப்பலகையை நீளவாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடம் உட்குழிந்து, பின்முனை கொக்கி மாதிரி சற்றுக் கீழே வளைந்திருந்தது. வேகத்தில் தண்ணீர் அந்த வளைவில் மோதி வலப்பக்கப் பின்புறத்தைத் தூக்குகிறது, இடப்பக்கம் தாழ்கிறது. வெளிப்புறம் புடைத்திருந்தால் நேர்மாறாக, புடைத்த பக்கமே கீழே இழுபடும். சில மில்லிமீட்டர் போதும். தேய்த்து, நிரப்பி, நேராக்கியதும் சரியாகிவிட்டது.

இன்னொன்று. எஞ்சினின் அடியில், விசிறிக்கு மேலே, சிறிய துடுப்புத் தகடு ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் சாய்வு போய்விடும் என்று நம்புகிறவர்கள் அதிகம். படகைத் திருப்பும் கைப்பிடி ஒரு பக்கமாக இழுப்பதைச் சரிசெய்யத்தான் அது. சாய்வில் அதன் பங்கு சொற்பம்.

பூலாம்பட்டிப் பயணி

நான் படகு வைத்திருப்பவன் அல்ல, படகில் போகிறவன். பூலாம்பட்டியிலிருந்து நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகில் காவிரியைத் தாண்டும்போது ஆட்களோடு இருசக்கர வாகனங்களும் ஏறும். ஒரு பைக் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அதை நடுவில் நிறுத்துவதற்கும் ஓரத்தில் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம் காலடியிலேயே தெரியும். பாலம் கட்டிய மாதிரி அசையாமல் போய்க்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் செல்ஃபி எடுக்க எழுந்து ஓரத்துக்குப் போவார். பின்னாலேயே நான்கு பேர் போவார்கள். அப்போது வரும் சாய்வுக்கு எந்த மெக்கானிக்கும் தேவையில்லை, ஓர் அதட்டல் போதும். பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் கண்டவரையில் பாதிச் சாய்வு இப்படிப்பட்டதுதான்.

கொளத்தூர் வலைக்காரர்

ஆடிக் காற்றை யாரும் சொல்லவில்லையே. அணையின் அகன்ற பரப்பில் குறுக்குக் காற்றில் வேகமாகப் போனால் படகு காற்று அடிக்கும் பக்கமே சாயும். காற்று தள்ளுகிற பக்கம்தானே சாய வேண்டும் என்று கேட்பார்கள். காற்று படகை ஒதுக்கிக்கொண்டே போகும். நேர்வழியில் போக நாம் படகைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பிப் பிடிப்போம். வேகப்படகு திரும்பும் பக்கம் சாய்வதுதான் இயல்பு. திரும்பி வரும்போது மறு பக்கம் சாய்ந்தால் படகில் குறையில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏற்காடு

எங்கள் ஏரியில் வேகத்துக்கு இடமில்லை, ஆகவே எங்களுக்கு இந்தக் கவலை குறைவு. மேலும் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. கடல்மட்டத்தில் முழு வலுவோடு ஓடிய எஞ்சின் இங்கே ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு வலுவை இழந்துவிடும். விசிறியின் புரட்டலும் அந்த அளவுக்குக் குறையும்!

கோட்டையூர்க்காரரிடம் ஒரு கேள்வி. நனைந்த ஃபோமை எடுத்தபின் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடலாம் அல்லவா? எடையும் மிச்சம்.

கோட்டையூர்க்காரன்

கூடாது. படகில் தண்ணீர் நிறைந்தாலும் அது மூழ்காமல் மிதப்பது அந்த ஃபோமால்தான். இடப்பக்கம் எடுத்துவிட்டு வலப்பக்கம் விட்டுவைத்தால், தண்ணீர் நிறையும்போது ஒரு பக்கமாகக் கவிழ்ந்தே போகும். இரண்டு பக்கமும் உலர வைத்துப் கண்ணறைகள் ஒன்றோடொன்று திறக்காத புதிய மூடுகண்ணறை ஃபோம் அடைத்திருக்கிறேன். திருகாணி ஓட்டைகளை ரெசினும் ஃபைபர் துணியும் வைத்து மூடியாயிற்று. அறுத்த இடத்தில் திருகி மூடும் மூடி ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் திறந்து கையை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.