காரைக்குடி பக்கம் பி டு பி-யில் யுஎஸ்டிடி வாங்குகிறவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கழனிவாசல் தம்பி
நானே ஆரம்பிக்கிறேன். புதியவர்களுக்கு: யுஎஸ்டிடி என்பது டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் கிரிப்டோ காயின், பி டு பி என்றால் ஒரு தளத்தின் வழியாக ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்குவது, விற்பது. போன மாதம் ஒரு விளம்பரம், மற்ற எல்லாரையும் விட மூன்று ரூபாய் குறைவு. என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று சின்னத் தொகைக்கு ஆர்டர் போட்டேன். ஆப்பில் விற்பவர் பெயர் ஒன்று, அவர் கொடுத்த யூபிஐ ஐடியில் காட்டும் பெயர் வேறு. கேட்டால், "அது மச்சான் அக்கவுண்ட் ப்ரோ, என் லிமிட் முடிஞ்சிருச்சு." சரி, வேண்டாம் என்றதும்தான் ஆளுக்கு வேகம் வந்தது. வாட்ஸ்அப்புக்கு வாங்க, இன்னும் ஐம்பது பைசா குறைக்கிறேன், பணத்தைப் போட்டுவிட்டு ஆர்டரை கேன்சல் பண்ணிடுங்க, டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) மிச்சம், காயினை நேரா உங்க வாலட்டுக்கே அனுப்பிடறேன் என்று ஒரே மூச்சில் சொல்கிறார்.

அந்த கேன்சலில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆர்டர் திறந்திருக்கிற வரை அவருடைய காயினைத் தளம் எஸ்க்ரோவில் பூட்டி வைத்திருக்கும், அவரால் தொட முடியாது. நாம் கேன்சல் அழுத்தினால் பூட்டு திறந்து காயின் அவரிடமே போய்விடும், நம் பணமும் அவரிடம். அப்பீல் போட்டு என்ன சொல்வது, கேன்சல் பண்ணியது நாம்தானே! நான் பணமே போடாமல் வெளியே வந்து, சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரிப்போர்ட் பண்ணினேன்.

தேவகோட்டைக்காரன்
தம்பி சொன்னது வாங்குகிற பக்கம். வாங்கியதை என்றாவது விற்கத்தானே போகிறீர்கள், அந்தப் பக்கம் இதைவிட மோசம். பெயர் பொருந்தியது, வங்கியில் பணம் ஏறியதை நேரில் பார்த்த பிறகுதான் காயினை விடுவித்தேன், எல்லாம் முறைப்படி. சில வாரம் கழித்துப் பெட்ரோல் பங்கில் கார்டு வேலை செய்யவில்லை. வங்கிக்குப் போனால் வெளிமாநில சைபர் போலீஸ் கேட்டுக்கொண்டதால் கணக்கை நிறுத்தியிருக்கிறோம் என்கிறார்கள்.

என்ன நடந்தது என்றால், யாரோ ஒருவரை "வீட்டிலிருந்தே வேலை" என்று ஏமாற்றிப் பறித்த பணம் இரண்டு மூன்று கணக்கு மாறி என்னிடம் காயின் வாங்கியவரிடம் வந்து, அங்கிருந்து எனக்கு வந்திருக்கிறது. ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் பணம் போன வழியெல்லாம் கணக்குகளை நிறுத்திக்கொண்டே வருகிறார்கள். இதிலேயே இன்னொரு வகை, ஏமாறுகிற ஆளையே நேராக உங்கள் கணக்குக்குப் பணம் போடச் சொல்வது. காயின் திருடனுக்குப் போகும், புகார் உங்கள் பெயரில் வரும். வேறு பெயரிலிருந்து பணம் வந்தால் காயினை விடுவிக்கவே கூடாது என்பது இதனால்தான்.

எனக்குக் கைகொடுத்தது ஆர்டர் எண், சாட், வங்கி ஸ்டேட்மெண்ட் மூன்றும்தான். வங்கியில் புகார் எண்ணையும் எந்த ஸ்டேஷன் என்பதையும் கேட்டு வாங்கி, விசாரிக்கும் அதிகாரிக்கு மெயில் அனுப்பி, போன் பேசி, திரும்ப மெயில் அனுப்பி... மாதக்கணக்கில் இழுத்தது. அதன் பிறகு பி டு பி-க்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறேன், சம்பளக் கணக்கை அந்தப் பக்கமே காட்டுவதில்லை.

பழைய சாமான்
முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடியெல்லாம் போட்டோவில் பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் யுஎஸ்டிடி-யாகத் தருகிறேன் என்றார். முதலாளியின் மகன் வாலட் திறந்து காட்டினார், கேட்ட தொகைக்கு மேலேயே நின்றது. எனக்கு அதுவே உறுத்தியது, யாராவது கேட்டதற்கு மேல் தருவார்களா? ட்ரான் பிளாக்செயினின் பரிவர்த்தனைகளைக் காட்டும் ட்ரான்ஸ்கேன் தளத்தில் அந்த டோக்கனின் காண்ட்ராக்ட் முகவரியை, அதாவது அது எங்கே உருவானது என்று காட்டும் அடையாளத்தைப் பார்த்தோம். யுஎஸ்டிடி-யை வெளியிடும் டெதர் நிறுவனம் தன் தளத்தில் கொடுத்திருக்கும் முகவரி வேறு, இது வேறு. யுஎஸ்டிடி என்று பெயரும் படமும் வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு டோக்கன் உருவாக்கலாம், விற்கப் போனால்தான் பத்துப் பைசா பெறாது என்று தெரியும்.

உண்மைக் காயினாகவே இருந்தாலும், வெளிநாட்டுக்கு விற்றால் பணம் வங்கி வழியாக வருவதுதான் முறை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 பழம்பொருள் சட்டமும் விடாது, அதை இன்னும் சிலர் கண்டுகொள்வதில்லை. அது வேறு கதை.

பள்ளத்தூர் ஆச்சி
வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் அப்பச்சி காலத்தில் ரங்கூனிலிருந்து உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) வந்தால் விலாசம் பார்க்காமல் பெட்டகத்தைத் திறக்க மாட்டார்கள். இந்தப் பிள்ளைகள் டெலிகிராமில் முகம் தெரியாதவனுக்கு முதலில் பணத்தை அனுப்பிவிட்டு அப்புறம் ஆளைத் தேடுகிறார்கள்.

போய்விட்டது என்று தெரிந்தால் வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் தூங்காமல் கிடக்காதீர்கள், உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். ரூபாய் ஏதாவது ஒரு கணக்கில் நின்றால் பிடித்து வைக்க வழி உண்டு. காயினாக மாறி வேறு வாலட்டுக்குப் போய்விட்டால் திருப்பி இழுக்க வங்கியால் முடியாது. அதற்கு அப்புறம் "மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று ஒருவன் வருவான், அவனும் அதே கூட்டம்தான்.

கல்லூரி ஹாஸ்டல்
ஆச்சி, எனக்கு வந்தது வேறு மாதிரி. "எனக்கு இது பயன்படுத்தத் தெரியலை, உதவுங்க" என்று தன் வாலட்டைத் திறக்கும் சாவியான பன்னிரண்டு சொற்களையே அனுப்பினான். உள்ளே யுஎஸ்டிடி இருப்பது தெரிகிறது. எடுக்க வேண்டுமென்றால் கட்டணத்துக்கு நாம் கொஞ்சம் டிஆர்எக்ஸ் (ட்ரானின் சொந்தக் காயின்) போடணும். அந்த வாலட்டிலிருந்து எடுக்கும் உரிமை வேறு சாவியிடம் இருக்கும், நாம் போடுவது மட்டும் போய்ச் சேரும். அறைத்தோழன் ஆசைப்பட்டான், போனைப் பிடுங்கி வைத்தேன்.

ஒரு சந்தேகம். டிடிஎஸ் மிச்சம் என்று அந்த ஆள் சொன்னாரே, அது நிஜமா?

கழனிவாசல் தம்பி
மிச்சமெல்லாம் இல்லை தம்பி. 2022 ஜூலையிலிருந்து 1 சதவீதம் பிடிக்க வேண்டும், பி டு பி-யில் அந்தப் பொறுப்பு வாங்குகிற நமக்கு. தொழில் வருமானம் இல்லாத தனிநபருக்கு வருடத்துக்கு 50,000 ரூபாய் வரை விலக்கு உண்டு. விற்று லாபம் வந்தால் 30 சதவீத வரி தனி, நஷ்டத்தை எதிலும் கழிக்க முடியாது. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த இந்தியத் தளத்திலேயே வாங்கினால் டிடிஎஸ்ஸை அவர்களே பிடித்துக் கட்டிவிடுகிறார்கள், நான் இப்போது அப்படித்தான் வாங்குகிறேன். விலை கொஞ்சம் கூடத்தான்.