உறுதி எழுதின கிழமையைக் கொடுத்துப் பொயின்ட்ஸ் எடுக்கலாமா?

உப்புவெளி_வாசி எழுதியது:

வணக்கம். ஓர்லாண்டோவில் இரண்டு அறை வில்லா ஒன்றின் 30ஆம் கிழமை (வருடத்தின் 30ஆம் வாரம்) டைம்ஷேராக எங்கள் குடும்பத்தின் பேரில் இருக்கிறது, அதாவது வருடத்தில் அந்த ஒரு வாரம் வில்லா எங்களுடையது. புளோரிடாவில் பதிந்த உறுதி (சொத்துப் பத்திரம்), மாறாத கிழமை, ஒவ்வொரு வருடமும் ஜூலைக் கடைசி. உறுதியில் மூன்று பேர்: திருகோணமலையில் அம்மாவும் நானும், ரொறன்ரோவில் அண்ணாவும். கடன் பாக்கி இல்லை. பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு 1,180 டொலர். ஆர்சிஐயோடு (டைம்ஷேர்க் கிழமைகளை உரிமையாளர்களுக்கிடையே மாற்றிக்கொடுக்கும் நிறுவனம்) இணைந்த ரிசோர்ட்.

ஜூலை, ஓகஸ்ட் நிலாவெளியில் சீசன். விருந்தினர் விடுதி நடத்துகிற எங்களால் அந்த நாட்களில் அசைய ஏலாது. நவம்பர் மழை தொடங்கினால் ஜனவரி வரை கை ஓயும். இப்போது ரிசோர்ட்காரர் உறுதியை ஒப்படைத்துவிட்டுப் பொயின்ட்ஸுக்கு மாறச் சொல்லுகிறார்கள். வருடாவருடம் தரும் பொயின்ட்ஸைக் கொடுத்து "எந்தக் காலத்திலும்" அறை பதியலாமாம். மாற்றக் கட்டணம் 4,950 டொலர். வருடத்துக்கு 6,000 பொயின்ட்ஸ், பராமரிப்பு ஒரு பொயின்டுக்கு 24 சதம். அவர்களின் அட்டவணைப்படி எங்கள் அதே வில்லா 30ஆம் கிழமைக்கு 7,000 பொயின்ட்ஸ், டிசம்பரில் வரும் 51ஆம் கிழமைக்கு 8,750. செப்டெம்பரில் ஒரு அறை வில்லா 2,800.

அண்ணா மாறுவோம் என்கிறார். அம்மா உறுதியை விடவே கூடாது என்கிறார். மாறாமலே டிசம்பர் பக்கம் எங்காவது போக வழி இருக்கிறதா?

கன்னியா எழுதியது:

தம்பி, அவர்கள் தந்த எண்களை வைத்தே கணக்குப் பார்ப்போம். 6,000 பொயின்ட்ஸுக்குப் பராமரிப்பு 1,440 டொலர். இப்போது கட்டுவதைவிட 260 கூட. ஆனால் உங்கள் சொந்தக் கிழமையைத் திரும்ப எடுக்க 7,000 வேண்டும். அதாவது 4,950 கட்டி, வருடாவருடம் 260 கூடக் கட்டிய பிறகும், இன்றைக்கு உங்களிடம் இருப்பதை எடுக்க 1,000 பொயின்ட்ஸ் காணாது. பல திட்டங்களில் இப்படித்தான் ஒதுக்குவார்கள். அந்த இடைவெளி நிறுவனத்தின் கையில் நிற்கும், அதை வாடகைக்கு விடுவார்கள்.

டிசம்பர்க் கிழமையைப் பாருங்கோ. மூன்று வருடத்தில் 18,000 பொயின்ட்ஸ் சேரும், அதற்கு இரண்டு டிசம்பர்தான் போகலாம். மூன்று வருடப் பராமரிப்பு 4,320. ஒரு டிசம்பருக்கு 2,160 விழுகிறது. மாற்றக் கட்டணத்தைப் பத்து வருடத்துக்குப் பரப்பினால் அதோடு இன்னுமொரு 740 சேரும். ஆக 2,900 டொலர். அதே ரிசோர்ட்டில் அதே கிழமையை உரிமையாளர்களிடமிருந்து நேரே வாடகைக்கு எடுக்க எவ்வளவு என்று விசாரித்து, இந்த எண்ணோடு ஒப்பிடுங்கோ. மிச்சப் பொயின்ட்ஸை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் ஒரு கடைசித் தேதி இருக்கும். டிஸ்னியின் டைம்ஷேர்ப் பொயின்ட்ஸ் திட்டமான டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில் பயன்பாட்டு வருடம் (அந்த வருடத்துப் பொயின்ட்ஸ் வரவாகும் மாதத்தில் தொடங்குவது) தொடங்கி எட்டு மாதத்துக்குள் சேமிப்பில் போடாவிட்டால் அந்த வருடத்துக்குள் செலவழித்தே ஆக வேண்டும். உங்கள் திட்டத்தின் தேதியை எழுத்தில் வாங்குங்கோ.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. உறுதியை ஒப்படைப்பதா, அல்லது உறுதியை வைத்துக்கொண்டு கிழமையைப் பொயின்ட்ஸ் திட்டத்தில் சேர்ப்பதா? இரண்டும் வேறு. மரியட் ஹோட்டல் நிறுவனம் 2010இல் தன் டைம்ஷேரில் பொயின்ட்ஸ் தொடங்கியபோது பழைய கிழமைக்காரருக்கு இரண்டாவது வழியைத் திறந்தது: உறுதி அவர்களிடமே இருக்கும், கிழமையா பொயின்ட்ஸா என்று ஒவ்வொரு வருடமும் தீர்மானிக்கலாம். உங்கள் ரிசோர்ட்டிலும் அந்த வழி இருக்கிறதா என்று கேளுங்கோ. விற்பனைக்காரர் தானாக வாய் திறக்கமாட்டார், ஏனென்றால் ஒப்படைப்புக்குத்தான் அவருக்குத் தரகு கூட.

"எந்தக் காலத்திலும்" என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். மாறாத கிழமைக்கு முன்பதிவே தேவையில்லை, கட்டணம் கட்டினால் அறை உங்களுடையது. பொயின்ட்ஸ் எடுத்தால் எல்லாரோடும் வரிசையில் நிற்க வேண்டும். டிஸ்னியில் நீங்கள் பொயின்ட்ஸ் வாங்கிய சொந்த ரிசோர்ட்டுக்கு 11 மாதத்துக்கு முன்னும், மற்ற ரிசோர்ட்டுகளுக்கு 7 மாதத்துக்கு முன்னும் பதிவு திறக்கும். டிசம்பர்க் கிழமைகள் 11 மாதம் திறந்த கையோடு போய்விடும். அட்டவணையும் நிலையானது அல்ல. வருட மொத்தத்தைக் கூட்டாமலே செப்டெம்பரைக் குறைத்து டிசம்பரை ஏற்றலாம், உங்கள் 6,000 அப்படியே கிடக்கும்.

சல்லிக்கரை எழுதியது:

மாறாமல் போக வழி இருக்கிறது. கிழமையை ஆர்சிஐயில் வைப்புச் செய்து, வேறு கிழமைக்கு மாற்றுங்கோ. உங்களுக்குத் தேவை இதுதான் என்று நினைக்கிறேன், இதற்கு உறுதியைத் தொடவே வேண்டாம்.

வைப்பை எப்போது செய்கிறீர்கள் என்பதில்தான் பெறுமதி இருக்கிறது. இரண்டு வருடம் முன்பே போடலாம். கிழமை தொடங்க ஒன்பது மாதம் இருக்கும்போதே போட்டால் முழு மாற்றுப் பெறுமதி (மாற்றாக எவ்வளவு நல்ல கிழமை எடுக்கலாம் என்ற அளவு) கிடைக்கும், அதற்குப் பிறகு போகப்போக இறங்கும். ஜூலைக் கடைசி என்றால் முந்தைய வருடம் ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் முடித்துவிடுங்கோ. அந்த வருடத்துப் பராமரிப்பை முன்கூட்டியே கட்டச் சொல்லுவார்கள், கட்டாவிட்டால் ரிசோர்ட் வைப்பை உறுதிப்படுத்தாது. போட்ட வைப்பு கிழமை தொடங்கும் நாளிலிருந்து இரண்டு வருடம் செல்லும்.

ஓர்லாண்டோவில் டைம்ஷேர் அளவுக்கு மிஞ்சிக் கிடப்பதால், கோடைக் கிழமை என்றாலும் பெறுமதியை மிகையாக எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் வில்லா நடுக்கதவைப் பூட்டி இரண்டாகப் பிரிக்கக்கூடியதா? அப்படியென்றால் ஒரு அறைப் பக்கத்தையும் ஸ்டூடியோப் பக்கத்தையும் தனித்தனியாகப் போட்டு இரண்டு பயணம் எடுக்கலாம். ஒவ்வொரு மாற்றலுக்கும் தனிக் கட்டணம், ஆர்சிஐ வருடச் சந்தா வேறு. சில ரிசோர்ட்டுகள் பிரிப்பதற்கும் காசு கேட்கும்.

அடுத்தது போகும் இடம். எங்கள் மழைக்காலம்தான் கோவாவுக்கும் புக்கெட்டுக்கும் உச்சக் காலம். 51, 52ஆம் கிழமைகளை அங்கே கேட்டால் கிடைப்பது கஷ்டம். நவம்பர் முதல் பாதி அல்லது ஜனவரி நடுப்பகுதி என்று கேளுங்கோ, தேடலை ஒரு வருடம் முன்பே தொடங்கி விட்டுவையுங்கோ. பாலியில் அந்த நேரம் மழை, ஆகவே கிறிஸ்மஸ் கிழமை தவிர்ந்த நாட்களில் இலகுவாகக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: மாற்றலில் எடுத்த கிழமையை வாடகைக்கு விட ஆர்சிஐ அனுமதிக்காது. அண்ணாவின் கூட்டாளிகள் போவதென்றால் விருந்தினர் சான்றிதழ் எடுத்துக் கொடுங்கோ. காசுக்கு விட வேண்டுமென்றால் உங்கள் சொந்த 30ஆம் கிழமையை, வைப்புச் செய்வதற்கு முன், விடுங்கோ.

உப்புவெளி_வாசி எழுதியது:

நன்றி அண்ணை, மிகவும் பிரயோசனமாக இருக்கிறது. வில்லா பிரிக்கக்கூடியதுதான். அம்மாவுக்கும் எனக்கும் அமெரிக்க விசா இல்லை. அண்ணா கனேடியப் பிரஜை. அவர் மாறச் சொல்வதற்குக் காரணம், இரண்டு மூன்று இரவுக்குப் போய்வர விரும்புகிறார். கையெழுத்தை இணையவழியில் வைக்கலாம், பத்து நிமிட வேலை என்கிறார்கள். அது உண்மையா?

லிங்கநகர் எழுதியது:

அண்ணாவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஞாயிறு முதல் வியாழன் வரையான இரவுகளுக்குப் பெரும்பாலான திட்டங்களில் பொயின்ட்ஸ் குறைவு. சிறிய அறை, சீசன் இல்லாத மாதம், வார நடு நாட்கள் என்று எடுப்பவருக்குப் பொயின்ட்ஸ் நீண்டு கொடுக்கும். உங்கள் அட்டவணையிலேயே செப்டெம்பர் ஒரு அறை இரண்டு கிழமை 5,600. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கு அது நல்லது. ஆனால் 30ஆம் கிழமை இரண்டு அறை வில்லாவின் உறுதியைக் கொடுத்து அதை வாங்குவது விலை கூடின வழி.

குறுகிய பயணம்தான் வேண்டுமென்றால் அண்ணா மறுவிற்பனையில் சிறிய பொயின்ட்ஸ் தொகுதி ஒன்றைத் தனியாக வாங்கலாம். நிறுவன விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கும். வாங்க முன் மறுவிற்பனைக்காரருக்கு என்ன கட்டுப்பாடு என்று பார்க்க வேண்டும். டிஸ்னியில் 2019 ஜனவரிக்குப் பிறகு பழைய ரிசோர்ட்டுகளின் பொயின்ட்ஸை மறுவிற்பனையில் வாங்கினவர்கள் டிஸ்னியின் ரிவியேரா ரிசோர்ட்டில் அவற்றைப் பயன்படுத்த முடியாது. அந்தத் தொகுதி அண்ணாவின் பேரில் மட்டும் இருக்கட்டும்.

டொலரையும் மறக்க வேண்டாம். 2022 தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 1,180 டொலர் என்பது இரண்டு இலட்சத்து 36 ஆயிரத்திலிருந்து நான்கேகால் இலட்சமானது. வருடக் கட்டணத்தை ஏற்றுகிற எந்த மாற்றமும் இங்கே இருந்து கட்டுகிறவர் தலையில் இரண்டு மடங்காக விழக்கூடும். கட்டணத்தை ரொறன்ரோவிலிருந்து அண்ணா கட்டுவது எல்லாருக்கும் நல்லது.

மூதூர்_படகுத்துறை எழுதியது:

கையெழுத்து பத்து நிமிடத்தில் முடியாது. உறுதியை ஒப்படைப்பதென்றால் மூன்று பேரும் கைச்சாத்திட வேண்டும். புளோரிடா உறுதிக்கு நொத்தாரிசின் அத்தாட்சியோடு இரண்டு சாட்சிகளும் தேவை. இணையவழி நொத்தாரிசை 2020 முதல் புளோரிடா அனுமதிக்கிறது, ஆனால் ஆளை உறுதிப்படுத்த வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் அமெரிக்கக் கடன் பதிவுகளிலிருந்து எடுக்கப்படுபவை. அங்கே பதிவே இல்லாத அம்மாவுக்கும் உங்களுக்கும் அந்தக் கட்டத்தில் நின்றுவிடும். அப்போது கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்தில் நேரம் பதிந்து போக வேண்டும், ஒரு முத்திரைக்கு 50 டொலர்.

அப்படிக் கையெழுத்து வைத்தாலும் புளோரிடாச் சட்டத்தில் டைம்ஷேர் பற்றிய 721ஆம் அத்தியாயப்படி பத்து நாட்காட்டி நாட்களுக்குள் ரத்துச் செய்யலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள், கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். "இந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது. அறிவித்தல் எழுத்தில் இருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் போட்ட முகவரிக்கே போக வேண்டும், அனுப்பிய தேதிதான் கணக்கு. திருகோணமலையிலிருந்து கடிதம் போய்ச்சேர எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை. பதிவுத் தபால் பற்றுச்சீட்டில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று கருமபீடத்திலேயே பாருங்கோ, அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்புங்கோ. ரத்து வசனம் அச்சிடப்படாத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

உறுதியை வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒரு வேலை இருக்கிறது. மூன்று பேரின் பெயரும் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வாசியுங்கோ. ஒருவர் காலமானால் அவரின் பங்கு மற்றவர்களுக்குப் போகும் என்ற வாசகம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தப் பங்கைப் பெயர் மாற்றப் புளோரிடா நீதிமன்றத்துக்குத் தனியாகப் போக வேண்டி வரும், அந்தச் செலவு கிழமையின் சந்தை விலையைவிடக் கூட ஆகலாம். அம்மா சுகமாக இருக்கும்போதே அந்த வாசகத்தோடு புது உறுதி எழுதுவது சுலபம். அல்லது அம்மாவின் பங்கை அண்ணாவின் பேருக்கு மாற்றலாம், அதற்கு ரிசோர்ட்டுக்கு மாற்றக் கட்டணம் உண்டு. எப்படியும் தூதரகத்துக்கு ஒரு தடவை போகத்தான் வேண்டும். அம்மாவினதும் உங்களதும் தாள்களை அந்த ஒரே பயணத்தில் முடியுங்கோ.

சல்லிக்கரை எழுதியது:

தம்பி, மாறமாட்டோம் என்று சொன்னபின் தொலைபேசி அழைப்புகள் வரக்கூடும். "உங்கள் கிழமைக்கு வாங்குபவர் தயார், வரியை மட்டும் முதல் அனுப்புங்கோ" என்று கேட்டால் வைத்துவிடுங்கோ. மெக்சிக்கோவின் போதைப்பொருள் கும்பலோடு தொடர்புள்ள இந்த மோசடிக்காரர் மீது அமெரிக்கத் திறைசேரி 2023இல் தடை விதித்தது. நேர்மையான விற்பனையில் பணம் மூன்றாம் தரப்புக் கணக்கில் நின்று, உறுதி பதிந்த பிறகுதான் கை மாறும்.

வைப்பைப் பற்றி ஒன்று: பிரித்துப் போடும்போது முதல் ஸ்டூடியோவைப் போட்டு என்ன பெறுமதி காட்டுகிறது என்று பாருங்கோ. மிகக் குறைவாக இருந்தால் அடுத்த முறை பெரிய பக்கத்தை மட்டும் வைப்புச் செய்து, ஸ்டூடியோவை அண்ணாவுக்கு ஜூலையில் விட்டுவிடலாம். அவர் கேட்கிற இரண்டு மூன்று இரவு அதிலேயே கிடைக்கும், ஏழு இரவும் தங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.