சவ்வு மாசடைவதில்லை, தூர்ந்துபோகிறது

வணக்கம் நண்பர்களே,

கழிவுநீரை வடிகட்டும் சவ்வில் கசடு படிந்து நீர் இறங்காமல் போவதை ஆங்கிலத்தில் 'மெம்பரேன் ஃபவுலிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாகச் 'சவ்வு மாசடைதல்' என்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. நாம் பேசுவது காற்றுப் புகாமல் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கலனைப் பற்றி. அதற்குள் இருப்பதெல்லாம் மாசுதான். 'மாசடைந்த நீரால் சவ்வு மாசடைகிறது' என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன விளங்கும்?

நடப்பதைப் பார்த்தால் சொல் தானாக வரும். காற்றில்லாக் கலனில் கழிவைத் தின்று மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. அவை நீரோடு போய்விடக் கூடாது என்றுதான் சவ்வு வைக்கிறோம். அதன் துளைகள் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு, பாக்டீரியா நுழையாது. ஆனால் பாக்டீரியா கசியவிடும் புரதமும் சர்க்கரையும் கலந்த கொழகொழப்பு துளைக்குள் இறங்கிவிடும். அதன் மேல் கசடு அப்பும். அதே அளவு நீரை இழுக்க அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

வெளியே எடுத்த சவ்வை விரலால் வழித்தால் கன்னங்கரேலென்று கூழ் வரும். அதற்கடியில் சில சமயம் நறநறவென்று வெண்துகள் தட்டுப்படும். அது ஸ்ட்ருவைட், மெக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு. காற்றில்லாச் சிதைவில் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் நீரில் விடுபடுவதால் இங்கே அது படிய வாய்ப்பு அதிகம்.

கிணறு இப்படித்தானே கெடுகிறது? வண்டல் இறங்கி ஊற்றுக்கண் அடைபட்டதும் 'கிணறு தூர்ந்துபோச்சு' என்கிறோம். அதனால் என் பரிந்துரை 'தூர்தல்'. பெயராக வேண்டுமென்றால் தீர்வு, சோர்வு போலத் 'தூர்வு'. 'சவ்வு சீக்கிரம் தூர்கிறது' என்று வினையாகவும் எழுதலாம். சுத்தம் செய்வதற்குத் 'தூர்வாருதல்' ஏற்கெனவே ஊரறிந்த சொல்.

'அடைப்பு' போதாதா என்று கேட்டிருந்தார் ஒரு நண்பர். ஆலையிலும் 'மெம்பரேன் சோக் ஆயிடுச்சு' என்றுதான் சொல்வார்கள். ஆனால் தலைமுடியும் நாரும் திரண்டு சவ்வுகளின் இடைவெளியில் சிக்கிக்கொள்வது வேறு சிக்கல். 'அடைப்பு' அதற்கு வேண்டும், இரண்டையும் குழப்பக் கூடாது.

வகைகளுக்கும் இந்தச் சொல் இடம் கொடுக்கிறது. கலனில் உண்டாகும் மீத்தேன் கலந்த வாயுவையே (பயோகேஸ்) குமிழியாக விட்டோ, நீரைப் பின்னோக்கிச் செலுத்தியோ போக்க முடிவது 'மீள்தூர்வு'. அதற்கு மசியாமல் வேதிப்பொருள் கேட்பது 'மீளாத் தூர்வு': கரிமக் கொழகொழப்புக்கு ஹைப்போகுளோரைட் என்னும் வெளுப்புக் கரைசல், உப்புப் படிவுக்கு சிட்ரிக் அமிலம். எதற்கும் அசையாமல் தங்கிவிடுவது 'தீராத் தூர்வு'. இந்த மூன்றாவதுதான் சவ்வின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அதனால் அதற்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும்.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். கப்பலின் அடியில் சிப்பி பிடிப்பதையும் ஃபவுலிங் என்றே சொல்கிறார்கள். அங்கே 'தூர்தல்' பொருந்தாது, கப்பலுக்குத் தூர்வதற்குக் கண் ஏது? அதற்குத் தனிச்சொல் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றையே வைத்து இழுக்க வேண்டியதில்லை.

அப்புறம், தூர்க்கும் பொருளுக்கு என்ன சொல்வது? 'தூர்' என்றே விட்டால் மரத்தின் தூர் நினைவுக்கு வருகிறது. 'தூர்ப்பி' எனக்குப் பிடித்திருக்கிறது. வாயில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.