மும்பை ‘மாட்டுங்கா உறவுகள்’ வாட்ஸ்அப் குழு: வித்துவானின் பைபாஸ், நம் கைப்பணம்

செவ்வாய்க்கிழமை

அக்கா (காலை 6:48): எல்லோரும் படியுங்கள். நம் நாயன (நாதஸ்வர) வித்துவான் நேற்று இரவு மார்பு வலியோடு மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறார். ஆஞ்சியோ பரிசோதனையில் இதயக் குழாயில் மூன்று இடங்களில் அடைப்பு தெரிந்தது. வியாழக்கிழமை பைபாஸ். காப்பீடு எதுவும் இல்லை. மதிப்பீடு 4,20,000 ரூபாய். மாலைக்குள் 2 லட்சம் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.

டோம்பிவிலி மாமா (6:50): 🌹 இனிய காலை வணக்கம் 🌹

டோம்பிவிலி மாமா (6:53): ஐயோ, இப்போதுதான் படித்தேன். போன வாரம்கூடச் செட்டா நகர் முருகன் கோயிலில் தோடி வாசித்தாரே! மூச்சு ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை.

பெரியப்பா (7:10): உதவிக் கச்சேரி ஒன்று வைத்துவிடுவோம். சண்முகானந்தாவில் கேட்டுப் பார்க்கிறேன். இவர் பெயரைச் சொன்னால் சென்னையிலிருந்தே ஆட்கள் வந்து வாசிப்பார்கள்.

அத்தை (7:14): அண்ணா, அறுவைச் சிகிச்சை வியாழக்கிழமை. கச்சேரிக்கு நோட்டீஸ் அடிக்கவே அடுத்த வியாழன் ஆகிவிடும். அந்த அரங்கத்தில் ஏறக்குறைய 2,700 இருக்கைகள். ஆடி மழையில் கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது யார் வந்து உட்காருவார்கள்? வாடகைக்கும் ஒலிபெருக்கிக்கும் போக வித்துவானுக்கு ஒரு பொன்னாடை மிஞ்சும்.

சிகாகோ அண்ணன் (7:31): இங்கே இரவு 9 மணி. காப்பீடு ஏன் இல்லை? இன்றைக்கே இணையத்தில் ஒரு பாலிசி எடுங்கள், பிரீமியம் நான் கட்டுகிறேன்.

சித்தப்பா (7:40): இன்று எடுத்தால் இந்த அடைப்புக்குப் பயன்படாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வைக்க நிறுவனங்களுக்கு விதியே இடம் தருகிறது. முன்பு அது 48 மாதம்.

அக்கா (7:44): அண்ணா, அவருக்கு முதலாளி என்று ஒருவர் இருந்தால்தானே காப்பீடு? தை, மாசி, பங்குனி, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் சம்பாதித்து ஆடியிலும் மார்கழியிலும் அதையே கரைத்துச் சாப்பிடுகிற குடும்பம். தவில்காரர்கள், சுருதிக்கு ஊதுகிற ஒத்துக்காரர் எல்லோருக்கும் பங்கு பிரித்துவிட்டு மிச்சத்தைத்தான் அவர் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

டோம்பிவிலி மாமா (7:52): ரேஷன் அட்டை இன்னும் கும்பகோணம் பக்கம்தானே இருக்கிறது? தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் வரை உண்டு. ரயிலில் ஏற்றித் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனால் என்ன?

டாக்டர் அண்ணி (8:05): வேண்டவே வேண்டாம். அறிக்கையைப் பார்த்தேன். இடது பிரதானக் குழாயில் அடைப்பு. ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போகிற உடம்பு இல்லை இது. இங்கேதான் செய்தாக வேண்டும்.

சித்தப்பா (8:11): ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்று தமிழ்நாட்டுத் திட்டத்திலும் வரம்பு உண்டு. இங்கே உள்ள மகாத்மா ஜோதிராவ் புலே திட்டமும் குடும்பத்துக்கு 5 லட்சம் தருகிறது. அதற்கு மகாராஷ்டிர ரேஷன் அட்டை அல்லது வசிப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். இத்தனை காலம் தாராவியில் இருந்தும் அட்டையை இங்கே மாற்றவில்லை. கூரியரில் வருகிற அரிசியா அது, ஊரிலேயே வைத்திருக்க!

அத்தை (8:13): தம்பி, அவரைக் குறை சொல்கிற நேரமா இது?

சித்தப்பா (8:20): இல்லை. ஒரு கேள்வி. இந்த மருத்துவமனை அறக்கட்டளை நடத்துவதா, தனியார் கம்பெனியா?

அக்கா (8:22): அறக்கட்டளை. வாசலிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.

சித்தப்பா (8:34): அப்படியானால் யாரும் முன்பணம் கட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். 1950ஆம் ஆண்டின் மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தில் 41ஏஏ என்று ஒரு பிரிவு. அதன்படி இப்படிப்பட்ட மருத்துவமனைகள் நூற்றுக்குப் 10 படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னும் 10 படுக்கைகளை நலிந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். பில் வருமானத்தில் 2 சதவீதத்தை இதற்கென்றே தனி நிதியாக வைத்திருக்க வேண்டும். பணம் கட்டும் ஜன்னலில் இதைச் சொல்ல மாட்டார்கள். உள்ளே ‘மருத்துவ சமூக சேவகர்’ என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போ.

அக்கா (8:36): என்ன காகிதம் வேண்டும்?

சித்தப்பா (8:41): தாசில்தார் கொடுக்கும் வருமானச் சான்றிதழ், ரேஷன் அட்டை, ஆதார். கும்பகோணம் அட்டையாக இருந்தாலும் காட்டு. அவர் மகனைத் தாசில்தார் அலுவலகத்துக்கு இப்போதே அனுப்பு. சான்றிதழ் பிறகு தருகிறோம், விண்ணப்பத்தை இன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாதாடு. உனக்கு வாதாடச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

தம்பி, ஐரோலி (9:15): நிதி திரட்டும் தளம் ஒன்றில் பக்கம் தொடங்கட்டுமா? கேட்டோ, மிலாப் எல்லாம் இருக்கின்றன. ஐசியுவில் எடுத்த படம் ஒன்று அனுப்புங்கள், படம் இருந்தால்தான் கொடுப்பார்கள்.

அத்தை (9:17): மூக்கில் குழாயோடு அவர் படத்தை ஊர் முழுக்கச் சுற்றவிடப் போகிறாயா? பட்டுச் சட்டையும் கடுக்கனுமாகத் தவிர அந்த மனிதரை யாராவது பார்த்திருக்கிறோமா? கோயிலில் வாசிக்கிற படம் என்னிடம் இருக்கிறது. அதையும் அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும்.

சித்தப்பா (9:25): தளம் இப்போதைக்கு வேண்டாம். அவருடைய சொந்தக் கணக்குக்கும் யாரும் அனுப்பாதீர்கள். உறவினர் அல்லாதவர்கள் கொடுப்பது ஓர் ஆண்டில் மொத்தம் 50,000ஐத் தாண்டினால் முழுத் தொகையும் அவர் வருமானத்தில் சேரும், வரி கேட்பார்கள். நேராக மருத்துவமனைக் கணக்குக்கு, நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். மருத்துவமனைக்கு யுபிஐயில் ஒரே தடவையில் 5 லட்சம் வரை போகும். வரிச்சலுகைக்கு 80ஜி ரசீது கேட்டு யாரும் என்னைத் தொல்லை செய்யாதீர்கள், தனி மனிதருக்குக் கொடுப்பதற்கு அது கிடையாது.

பெரியப்பா (9:40): சரி. நான் 25,000.

டோம்பிவிலி மாமா (9:44): 5,000. மகன் கல்லூரிக் கட்டணம் இந்த மாதம்தான்.

சிகாகோ அண்ணன் (9:46): 50,000.

அத்தை (9:58): நான் 20,000. தம்பி, சட்டமெல்லாம் சொன்னாயே, நீ எவ்வளவு? உன் மகள் கல்யாணத்தில் மேடைப் பூவுக்கு 3 லட்சம் கொடுத்தாய். நாயன செட்டின் கூலியில் 5,000 குறைத்தாய். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

சித்தப்பா (10:20): அதை ஏன் இப்போது எடுக்கிறீர்கள்? 40,000 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா (மாலை 4:35): சமூக சேவகரைப் பார்த்துவிட்டேன். முதலில் ‘படுக்கை இல்லை’ என்றார். 41ஏஏ என்று சொன்னதும் நாற்காலி போட்டார். மனிதர் நல்லவர்தான், ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கிறவர். நலிந்தோர் பிரிவில் விண்ணப்பம் ஏற்றுக்கொண்டார்கள். முன்பணம் 50,000 போதுமாம். மருந்துக்கும் உபகரணங்களுக்கும் கொள்முதல் விலை மட்டும். எல்லாம் சேர்த்து 2,30,000 ஆகலாம் என்கிறார். சித்திவிநாயகர் கோயில் அறக்கட்டளைக்கும் மதிப்பீட்டை இணைத்து விண்ணப்பிக்கச் சொன்னார், மகன் நாளை போகிறான்.

அத்தை (4:37): பெண்ணே, நீ வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை

டாக்டர் அண்ணி (காலை 8:02): அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது. கண் விழித்துப் பேசினார். முதல் கேள்வி, எப்போது ஊதலாம் என்பதுதான்.

பெரியப்பா (8:05): முருகா! எப்போது ஊதலாமாம்?

டாக்டர் அண்ணி (8:12): அறுத்துச் சேர்த்த மார்பெலும்பு ஒட்டவே சுமார் மூன்று மாதம் வேண்டும். அதுவரை கனமான எதையும் தூக்கக் கூடாது. நாயனத்துக்கு அடி வயிற்றிலிருந்து மூச்சை நெருக்கித் தள்ள வேண்டும், மார்பில் அழுத்தம் ஏறும். இதய மருத்துவர் சொன்ன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஆவணி போயிற்று. நவராத்திரியும் சந்தேகம்.

டோம்பிவிலி மாமா (8:15): நல்ல வேளை, ஆடியில் வந்தது. முகூர்த்தம் எதுவும் வீணாகவில்லை.

அத்தை (8:16): ஆடியில் கை வறண்டு, ஆவணிக்காகக் காத்திருக்கிற மனிதர் அவர். எது நல்ல வேளை?

அக்கா (8:30): அதைத்தான் நான் சொல்ல வந்தேன். மருத்துவமனைப் பில்லுக்குப் பணம் வந்துவிடும்போல இருக்கிறது. வீட்டு வாடகை, மாத்திரை, மகள் படிப்புக்கு மூன்று மாதம் என்ன வழி? ஆவணியில் ஆறு கல்யாணங்களுக்கு அச்சாரம் வாங்கியிருக்கிறார். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவர் மனைவி அழுகிறார்.

பெரியப்பா (8:47): எதற்குத் திருப்ப வேண்டும்? சிஷ்யப் பையன் இருக்கிறான், அவர் பாணியிலேயே வாசிக்கிறான். செட் போகட்டும். தலைவர் பங்கு வித்துவான் வீட்டுக்கு. ஆறு வீட்டாரிடமும் நான் பேசுகிறேன். அதில் இரண்டு வீடு என் நண்பர்கள்தான்.

அத்தை (8:49): அண்ணா, கச்சேரியைவிட இது நல்ல யோசனை. ஆனால் பையனுக்கும் உரிய பங்கு போக வேண்டும். குரு பெயரைச் சொல்லி அவனைச் சும்மா ஊதச் சொல்லாதீர்கள்.

பெரியப்பா (8:51): பேசி முடிவு செய்கிறேன்.

சித்தப்பா (9:30): கணக்கு: 1,40,000 சொல்லியிருக்கிறீர்கள், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது 1,35,000. ரசீதுப் படங்கள் கீழே. இன்னும் ஏறக்குறைய 95,000 வேண்டும். சபா நண்பர்களிடம் பெரியண்ணா கேட்கிறார். டோம்பிவிலி மாமா, உங்கள் 5,000 இன்னும் வரவில்லை.

டோம்பிவிலி மாமா (9:33): நோயாளி எண்ணில் ஒரு இலக்கம் தப்பு என்று பணம் திரும்பி வந்துவிட்டது. மறுபடி அனுப்புகிறேன். எண்ணை யாராவது எழுத்தில் போடுங்கள், அந்தப் படத்தில் 3ஆ 8ஆ என்றே தெரியவில்லை.