காப்பி ஆறுவதற்குள் திரும்ப வேண்டும், எதுவும் மாறாது என்றால் எதற்குப் போக வேண்டும்? (ஜப்பானிய நாவல், எங்கள் வாசகர் வட்டத்தில் சண்டை)

நாயுடுபுரம் வாசகி:

வணக்கம். கொடைக்கானலில் நாங்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். பெரிய அமைப்பு ஒன்றும் கிடையாது, யாராவது ஒருவர் வீட்டு முன்னறை, ஆளுக்கொரு சால்வை, சுக்குக் காப்பி, அவ்வளவுதான். இந்த முறை எடுத்திருப்பது தொஷிகாசு கவாகுச்சி எழுதிய ‘பிஃபோர் த காஃபி கெட்ஸ் கோல்ட்’. ஜப்பானில் 2015இல் வந்தது, ஆங்கிலத்தில் 2019இல். பாதிப் பேர் ஆங்கிலத்தில் படித்துவிட்டார்கள், மீதிப் பேருக்கு நான் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. டோக்கியோவில் நிலத்தடியில் ஒரு சின்ன காப்பிக் கடை. அங்கே குறிப்பிட்ட ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் விரும்பிய காலத்துக்குப் போகலாம். ஆனால் அதில் வெள்ளை உடை போட்ட ஒரு பெண், இறந்துபோனவள், எப்போதும் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள். நாளில் ஒரே ஒரு முறை கழிவறைக்கு எழுந்து போவாள், அந்த நேரத்தில்தான் இடம் கிடைக்கும். போன காலத்தில் நாற்காலியை விட்டு எழக்கூடாது. அந்தக் கடைக்கு என்றைக்காவது வந்த ஆட்களைத்தான் பார்க்க முடியும். ஊற்றிய காப்பி ஆறுவதற்குள் குடித்து முடித்துத் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் கதிதான். எல்லாவற்றுக்கும் மேல், போய் என்ன செய்தாலும் நிகழ்காலம் துளியும் மாறாது.

இந்தக் கடைசி விதியில்தான் சண்டை. எங்கள் வட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் ‘இது என்ன காலப்பயணம், ஏமாற்று வேலை’ என்கிறார்கள். பெரியவர்கள் சிலருக்கு அந்த விதிதான் பிடித்திருக்கிறது, ஆனால் ஏன் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? அப்புறம் இன்னொன்று: ‘உங்களுக்கு அந்த நாற்காலி கிடைத்தால் யாரைப் பார்க்கப் போவீர்கள்?’ என்று கூட்டத்தில் ஒவ்வொருவரையும் கேட்கலாம் என்று ஒரு யோசனை. சமீபத்தில் கணவரை இழந்த ஒரு அம்மா எங்களோடு வருகிறார். கேட்கலாமா, வேண்டாமா?

ரிட்டையர்டு அறிவியல் வாத்தியார்:

அம்மா, இரண்டாவது கேள்விக்குப் பெண்கள் பதில் சொல்லட்டும். எனக்குப் பிடித்தது அந்தக் காப்பிதான், அதைப் பற்றிச் சொல்கிறேன்.

காப்பி ஆறும் நேரம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சூட்டுக்கும் அறையின் குளிருக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு வேகமாக ஆறும், நியூட்டன் சொன்னதுதான். அதனால் முதல் சில நிமிடங்களில்தான் சூடு மளமளவென்று இறங்கும். நாவலில் அந்தக் கடைக்கு ஏசி கிடையாது, ஆனாலும் கோடையில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும் என்று வருகிறது. முதல் வாசிப்பில் அதைச் சும்மா வர்ணனை என்று நினைப்போம். யோசித்துப் பாருங்கள், குளிர்ந்த அறை என்றால் வந்தவருக்குக் கிடைக்கும் நேரம் இன்னும் குறைவு. நம் ஊரில் வைத்துப் பாருங்கள், 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீரே சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. டிசம்பர் மாதம் டபராவில் ஆற்றாமலே காப்பி ஆறிப்போகும். கொடைக்கானலில் அந்தக் கடை இருந்தால் ‘நல்லா இருக்கியா’ என்று கேட்பதற்குள் திரும்ப வேண்டியிருக்கும்.

பிள்ளைகளிடம் இப்படிக் கேளுங்கள்: இந்த விதிகளில் எந்த ஒன்றை எடுத்தால் நாவல் உடைந்துபோகும்? ‘மாறாது’ என்பதை எடுத்துவிட்டால் ஒவ்வொரு கதையும் விபத்தைத் தடுக்கும் கதையாகவோ நோயை மாற்றும் கதையாகவோ ஆகிவிடும். அந்த மாதிரிக் கதைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

தாண்டிக்குடித் தோட்டம்:

வாத்தியார் சொன்ன கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன் சார். எனக்கு உடையக்கூடாத விதி வேறு. ‘அந்தக் கடைக்கு வந்தவர்களை மட்டும்தான் பார்க்கலாம்’ என்கிறதே, அதுதான் இந்த நாவலில் மிகக் கொடுமையான விதி, யாருமே அதைப் பேசுவதில்லை.

எங்கள் அப்பா ஆயுசு முழுக்கக் காப்பியோடு இருந்தவர். மார்ச், ஏப்ரலில் மழை விழுந்ததும் பூ எப்போது வெடிக்கும் என்று பார்ப்பார், பழம் பறிக்கும் சீசனில் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் மிஷின் பக்கத்திலேயே நிற்பார், களத்தில் காயும் கொட்டையைக் கையில் எடுத்துக் கடித்துப் பார்த்துப் பதம் சொல்வார். ஆனால் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து காசு கொடுத்துக் காப்பி குடித்து நான் பார்த்ததில்லை. வத்தலகுண்டுக்கு மூட்டை கொண்டுபோனால்கூட வீட்டுக்கு வந்துதான் குடிப்பார். அந்த விதிப்படி, நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவரைப் பார்க்க முடியாது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் அக்கா, அந்தக் கேள்வியை வட்டமாக எல்லோரிடமும் கேட்காதீர்கள். சொல்ல வேண்டியவர்கள் தாங்களாகவே சொல்வார்கள், இப்போது நான் சொன்னது மாதிரி.

பெருமாள்மலை பஸ்:

எனக்கு இந்தப் புத்தகம் அவ்வளவு உயர்வாகத் தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். முதலில் நாடகமாக எழுதி அப்புறம் நாவலாக்கியது, அது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஒரே அறை, மணி அடிக்கிறது, ஒருவர் உள்ளே வருகிறார், ஒருவர் வெளியே போகிறார். நான்கு கதைகளிலும் அதே விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். மேடையில் பார்ப்பவர்களுக்கு அது தேவைப்படலாம், படிக்கிறவர்களுக்கு அலுப்பு.

நான்காவது கதைதான் எனக்கு உண்மையான பிரச்சினை. கேய் இதயம் பலவீனமான பெண், கர்ப்பம், பிரசவத்தில் உயிர் போகலாம் என்று தெரிந்தும் பெற்றெடுக்கத் துணிகிறாள். மகளைப் பார்க்க எதிர்காலத்துக்குப் போகிறாள், பத்து வருஷம் என்று நினைத்துப் பதினைந்து வருஷம் தள்ளிப் போய்விடுகிறாள். அழவைக்கும் கதைதான், நானும் அழுதேன். ஆனால் தாய் என்றால் உயிரைக் கொடுக்க வேண்டும் என்பதை இவ்வளவு இனிப்பாகச் சொல்ல வேண்டுமா? நம் வீடுகளில் இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உங்கள் கூட்டத்தில் பெண்கள் இதைப் பேசியே ஆக வேண்டும். ‘எவ்வளவு உருக்கமா இருக்கு’ என்று சொல்லிவிட்டு முடித்துவிடாதீர்கள்.

வார்டு நர்ஸ், பழனி:

பெருமாள்மலை சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், அந்தக் கதையை அப்படியும் படிக்க வேண்டும். ஆனால் மேலே யாரும் இரண்டாவது கதையைத் தொடவில்லை. நிகழ்காலம் மாறாது என்ற சண்டைக்குப் பதில் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கோதாகே ஒரு நர்ஸ். கணவர் ஃபுசாகிக்கு அல்சைமர், மனைவியையே அடையாளம் தெரியாத நிலைக்கு வந்துவிட்டார். அவரைக் குழப்ப வேண்டாம் என்று இவளும் கல்யாணத்துக்கு முந்தைய பெயரிலேயே எல்லோரும் தன்னைக் கூப்பிடும்படி வைத்திருக்கிறாள். மறதி முற்றுவதற்கு முந்தைய காலத்துக்குப் போய் அவர் கொடுக்க நினைத்த கடிதத்தை வாங்கிவருகிறாள். நீ என் முன்னால் நர்ஸாக இருக்க வேண்டியதில்லை, மனைவியாக இருக்க முடியாவிட்டால் விட்டுப் போய்விடு என்பதுதான் அதன் சாரம். திரும்பி வந்தால் நோய் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து தன்னைக் கணவரின் குடும்பப் பெயரில், ஃபுசாகி என்று கூப்பிடச் சொல்கிறாள்.

என் மாமனாருக்கும் கடைசியில் மறதி வந்தது. நான் வேலை பார்த்துப் பழகிய கை, நேரத்துக்கு மாத்திரை, நேரத்துக்குத் துடைப்பது, வேளைக்கு ஒரு தடவை பெயரைக் கேட்டுப் பார்ப்பது. ஒருநாள் மாமியார் சொன்னார்: ‘அவர்கிட்ட பேரைக் கேக்காத கண்ணு, சாப்பிட்டீங்களா மாமான்னு கேளு.’ கேட்டேன். ‘நீ சாப்பிட்டியா?’ என்று திருப்பிக் கேட்டார். அவருக்கு நான் யார் என்று அப்போதும் தெரியாது, ஆனால் அதற்கப்புறம் அந்த வீட்டில் நான் மருமகளாக இருந்தேன். பிள்ளைகள் ‘என்ன மாறியது’ என்று கேட்டால் இந்தக் கதையைப் படித்துக் காட்டுங்கள்.

கணவரை இழந்த அந்த அம்மாவைப் பற்றி: கேள்வியைக் கேட்காதீர்கள், ஆனால் அவருக்காக இந்தக் கதையையும் ஒதுக்காதீர்கள். துக்கத்தில் இருப்பவரைச் சுற்றி எல்லோரும் பேச்சை மாற்றிக்கொண்டே இருந்தால் அவருக்கு அது இன்னும் கஷ்டம். வார்டில் தினமும் பார்க்கிறேன்.

நாயுடுபுரம் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. யாரைப் பார்க்கப் போவீர்கள் என்று கேட்கப்போவதில்லை. வாத்தியார் சாரின் ‘எந்த விதியை எடுத்தால் உடையும்’ என்பதோடு தொடங்கி, இரண்டாவது கதையை நானே முழுதாகத் தமிழில் சொல்கிறேன். நான்காவது கதையைப் பெருமாள்மலை கேட்ட கேள்வியோடுதான் எடுப்போம். எதிர்காலத்துக்குப் போகும் கதை என்பதால் குறிஞ்சியை வைத்தும் ஒன்று கேட்கலாம் என்று தோன்றுகிறது. 2018இல் பூத்ததை எங்கள் வட்டத்தில் எல்லோரும் பார்த்தவர்கள், அடுத்தது 2030. அன்றைக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவீர்கள் என்று கேட்டால் அந்த அம்மாவும் பேசுவார், அவருக்குப் பேத்தி இருக்கிறாள்.

தாண்டிக்குடித் தம்பி, மழை இல்லாவிட்டால் நீங்களும் வாருங்கள், மதியம் மூன்று மணி. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடித்துவிடுவோம்.