பக்கவாதம் என்று தூக்கி வந்தார்கள், சுகர் 38: லோ சுகர் அனுபவங்கள்

புதுச்சேரி, ஸ்டாஃப் நர்ஸ்:

நைட் டியூட்டி, மணி ஒன்றேகால். அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். வாய் குழறுகிறது, வலது கை தூக்க வரவில்லை. "ஸ்ட்ரோக் சிஸ்டர், சீக்கிரம் பாருங்க" என்றார் மகன். நானும் அதையே நம்பி சி.டி. ஸ்கேனுக்கு போன் போடப் போனேன். பி.பி. பார்க்க வந்த ஜூனியர்தான், "அக்கா, சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு" என்றாள். மார்கழி மாதம், ஏ.சி. அறை. விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 38. எழுபதுக்குக் கீழே போனாலே லோ சுகர்.

டியூட்டி டாக்டர் சொன்னபடி 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) 100 மி.லி. ஏற்றினோம். அதற்கு முன் கொஞ்சம் சலைன் விட்டு லைன் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். டெக்ஸ்ட்ரோஸ் வெளியே கசிந்தால் அந்த இடமே புண்ணாகிவிடும். பத்து நிமிடத்தில் பெரியவர் கண் விழித்து, தூக்க வராத அதே கையால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "எதுக்குடா இங்க கூட்டிட்டு வந்த?" என்று மகனை அதட்டினார்.

சுகர் ஏன் இறங்கியது என்றுதான் புரியவில்லை. இரவு நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார். இன்சுலின் டோஸும் பல வருடமாக அதே 20 யூனிட். மருந்துப் பையைக் கொட்டச் சொன்னேன். மகன் பிரான்ஸிலிருந்து லீவில் வந்தவர் (நம் ஊரில் இது ஆச்சரியமா என்ன), வரும்போது இன்சுலின் வாங்கி வந்திருக்கிறார். அந்த பாட்டிலில் மி.லி.க்கு 100 யூனிட். பெரியவர் எடுத்ததோ வழக்கமான சிவப்பு மூடி சிரிஞ்சில், அதாவது 40 யூனிட் பாட்டிலுக்கு உரியதில். அதில் 20ஆம் கோடு என்பது அரை மி.லி. பழைய பாட்டிலில் அது 20 யூனிட், இந்த பாட்டிலில் 50!

அப்புறம் எந்த இன்சுலின் பேஷண்ட் டிஸ்சார்ஜ் ஆனாலும், பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி என்று காட்டாமல் அனுப்புவதில்லை.

கடலூர், மருத்துவ வார்டு நர்ஸ்:

எனக்கு நடந்தது தலைகீழ். பலாப்பழ சீசன், பண்ருட்டிப் பக்கத்து அம்மா. மதியம் குளுக்கோமீட்டரில் 312. இன்சுலினை எடுத்துக்கொண்டு கிட்டே போனால் கையில் பலா வாசனை கமகமக்கிறது. பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த பழத்தைப் பிரித்துப் பேரனுக்குக் கொடுத்தாராம், தான் ஒரு சுளைகூடத் தொடவில்லை என்று சத்தியம் செய்தார். சோப்பு போட்டுக் கை கழுவி, துடைத்து, திரும்பக் குத்தினால் 118. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் முதலில் பார்த்திருந்தேன், அது போதவில்லை. அந்த 312ஐ நம்பி ஊசி போட்டிருந்தால் எனக்கும் ஒரு 38 கதை இருந்திருக்கும்.

புதுச்சேரி, எமர்ஜென்சி:

எங்களிடம் சனி, ஞாயிறு ராத்திரி என்றால் குடித்துவிட்டு விழுந்து வருகிறவர்கள்தான். வாடை அடித்தாலே "தெளிஞ்சா எழுந்திருப்பான்" என்று ஓரமாகக் கிடத்திவிடுகிற பழக்கம் உண்டு. அப்படிக் கிடந்த ஒருவருக்கு 44. வெறும் வயிற்றில் குடித்தால் ஈரல் சர்க்கரை தயாரிப்பதையே சாராயம் தடுத்துவிடுகிறது. இவர்களுக்கு டெக்ஸ்ட்ரோஸோடு தயமின் ஊசியும் உண்டு. பி1 வைட்டமின் வற்றிப்போன உடம்பில் சர்க்கரையை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

கடலூர், பேஷண்டின் மகள்:

நான் நர்ஸ் இல்லை. அம்மா ஏகாதசி விரதம், ஆனால் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையை மட்டும் போட்டுவிட்டார். மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்துவிட்டார். வீட்டுக்குப் போகலாம் என்று நாங்கள் சண்டை போட்டோம். அந்த சிஸ்டர் விடவே இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மறுபடி 52. ஒரு சந்தேகம்: மயக்கத்தில் நான் வாயில் சர்க்கரையைப் போட்டேன், சரிதானா?

புதுச்சேரி, ஸ்டாஃப் நர்ஸ்:

இல்லைங்க, நினைவில்லாதவர் வாயில் எதுவும் போடக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள். நினைவிருந்து விழுங்க முடிந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. ஏறியதும் இட்லியோ சாதமோ கொடுங்கள். அந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள்கூட நிற்கும், கிட்னி பலவீனமானவர்களுக்கு இன்னும் நீளும். அந்த சிஸ்டர் பிடிவாதம் பிடித்தது அதனால்தான். அம்மா பி.பி.க்கு அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறாரா? அப்படியானால் கை நடுக்கம், படபடப்பு தெரியாமல் போகலாம். வேர்வையைக் கவனியுங்கள்.

கடலூர், பேஷண்டின் மகள்:

அட்டெனலால் சாப்பிடுகிறார் சிஸ்டர். விழுந்த அன்று ஜாக்கெட் முழுக்க ஈரம், புழுக்கம் என்று நினைத்து ஃபேனைப் போட்டேன். ஏகாதசியன்று மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடமே கேட்டாகிவிட்டது. விரதத்தை விடச் சொன்னால்தான் அம்மா கேட்கமாட்டேன் என்கிறார்.